தேதி போட்டுக் கொடுத்த தீர்க்கதரிசனமும் எங்க காத்திருப்பும்

சபையில சாட்சி சொல்ல மைக் பிடிக்கிறவங்க எல்லாருமே ஜெபத்துக்குப் பதில் கிடைச்ச பிறகு வர்றவங்கதான். "ஏழு வருஷம் காத்திருந்தோம், கர்த்தர் அற்புதம் செஞ்சாரு, அல்லேலூயா"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், அந்த ஏழு வருஷத்துக்குள்ள என்ன நடந்துச்சு, எத்தனை ராத்திரி தூங்கல, புருஷன் பொண்டாட்டி எத்தனை தடவை பேசாம இருந்தாங்கன்னு யாரும் சொல்றதில்ல, கேக்கறதும் இல்ல. நான் எழுதறது இன்னும் பதில் வராத இடத்துல இருந்து. எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்ல. கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு, பணம் போச்சு, அதைவிட முக்கியமா வயசு போச்சு. இந்த வழியில இப்பத்தான் காலெடுத்து வைக்கிறவங்களுக்கு யாராவது முன்னாடியே சில விஷயங்களைச் சொல்லி வச்சா நல்லா இருக்கும், எங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல, அதான் உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல் ரெண்டு வருஷம் பெரிசா ஒண்ணும் தெரியல. யார் கேட்டாலும் "கர்த்தருடைய வேளையில நடக்கும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவோம், உள்ளுக்குள்ளயும் அப்படித்தான் நம்பினோம். ஆனா அதே வார்த்தைய மத்தவங்க நம்மகிட்ட சொல்ல ஆரம்பிக்கும்போது அதோட ருசியே மாறிடுது. பெரும்பாலானவங்க அதைச் சொல்றது பேச்சை முடிக்கறதுக்கு. நீங்க ஏதோ மனசுல இருக்கறதைக் கொட்ட வாயைத் திறப்பீங்க, "எல்லாம் அவருடைய நேரத்துல பிரதர்"னு தோள்ல தட்டிட்டு அடுத்த ஆளுக்கு ஸ்தோத்திரம் சொல்லப் போயிடுவாங்க. அவங்க மேல குத்தம் சொல்லல, நம்ம வலியைப் பார்த்து என்ன பேசறதுன்னு அவங்களுக்கும் தெரியாது.

அப்புறம்தான் அந்த கூட்டம். வெளியில இருந்து வந்த ஊழியக்காரர் ஒருத்தர், பிரசங்கம் முடிஞ்சதும் "குழந்தை பாக்கியத்துக்காகக் காத்திருக்கிற தம்பதிகள் முன்னாடி வாங்க"ன்னு கூப்பிட்டாரு. எங்களுக்குப் போக விருப்பம் இல்ல, ஆனா சபையில எல்லாருக்கும் எங்க விஷயம் தெரியும், பின்னாடி இருந்து ஒரு அக்கா என் மனைவியோட முதுகுல கைய வச்சு லேசா தள்ளியே விட்டுட்டாங்க. அவர் என் மனைவி தலையில கை வச்சு, மைக்கை வாய்கிட்ட பிடிச்சபடியே, "அடுத்த வருஷம் இதே நேரத்துல உன் கையில ஒரு பிள்ளை இருக்கும்னு கர்த்தர் சொல்றாரு"ன்னாரு. ஹால் முழுக்க ஆர்ப்பரிப்பு. அவ என் சுண்டுவிரலை நசுக்கற மாதிரி பிடிச்சிருந்தா, நகம் பதிஞ்ச தடம் மறுநாள் வரைக்கும் இருந்துச்சு. என் தலையில யாரும் கை வைக்கலைங்கறதை இங்கேயே சொல்லி வச்சிடறேன், அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா அந்த முதுகுல கை வச்ச அக்கா போனை எடுத்து எங்க முன்னாடியே அடுத்த வருஷத்து அதே தேதிக்கு ரிமைண்டர் போட்டாங்க. அன்பாத்தான் செஞ்சாங்க. ஊழியக்காரரோட ஆளுங்க மறுவாரமே போன் பண்ணி, வார்த்தை நிறைவேறணும்னா விசுவாசத்தோட ஒரு விதை காணிக்கை விதைக்கணும், அதுவும் மனசுக்கு வலிக்கற அளவு இருக்கணும்னாங்க. ட்ரீட்மென்ட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த பணத்துல ஒரு பெரிய பங்கு அங்க போச்சு. அது போதாதுன்னு எங்க ஜெபக்குழுவுல ஒருத்தர், வார்த்தை வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறது அவிசுவாசம், வாக்குப் பண்ணின பிள்ளைக்குக் காத்திருக்காம ஆபிரகாமுக்கு சாராள் தன் வேலைக்காரி ஆகாரைக் கொடுத்த மாதிரி நாம கர்த்தருக்கு முந்திக்கக் கூடாதுன்னு சொன்னாரு. வாங்கி வச்சிருந்த அப்பாயின்ட்மென்ட் கேன்சல் ஆச்சு. அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு மாசமும் அவ பாத்ரூம் கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கற நேரத்தை வச்சே எனக்கு விஷயம் தெரிஞ்சிடும். நேரம் ஆக ஆக, இந்த மாசமும் இல்லன்னு அர்த்தம்.

அந்த தேதி வந்துச்சு. காலையிலயே அந்த அக்காகிட்ட இருந்து மெசேஜ், "சிஸ்டர் குட் நியூஸ் எப்போ, இன்னைக்குத்தான் அந்த நாள்"னு, கூடவே கை கூப்பற பொம்மை. என் மனைவி அன்னைக்கு முழுக்க போனைத் தொடல. அதுக்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. வார்த்தை சொன்னவரை ஒருத்தரும் கேள்வி கேக்கல, கேள்வி எல்லாம் எங்க பக்கம்தான் வந்துச்சு. யாரையாவது மன்னிக்காம இருக்கீங்களா, தசமபாகம் சரியா கொடுக்கறீங்களா, குடும்பத்துல ஏதாவது சாபம் இருக்கா, சந்தேகப்பட்டீங்களா. சந்தேகப்பட்டோம்தான், மாசாமாசம் ரிசல்ட் கையில வர்றப்போ யாருக்குத்தான் சந்தேகம் வராது.

உங்க காத்திருப்புக்கு ஒருத்தர் தேதி போட்டுக் கொடுத்தா, அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரரா இருந்தாலும், அந்த தேதியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க, பணம் கொடுக்காதீங்க, டாக்டரைத் தள்ளிப் போடாதீங்க. இது அவிசுவாசம் இல்ல, வேதத்திலேயே இருக்கு. எரேமியா 28-ஐ உக்காந்து முழுசா படிச்சுப் பாருங்க. பாபிலோன் ராஜா கொண்டுபோன ஆலயத்துப் பொருட்களும் ஜனங்களும் 2 வருஷத்துல திரும்பி வந்துடும்னு அனனியாங்கற ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாடியும் சொல்றான், பாபிலோனுக்கு அடிபணியணும்ங்கறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல இருந்த மர நுகத்தை எடுத்து உடைச்சே காட்டறான். எரேமியா அதுக்கு முதல்ல என்ன சொல்றாரு தெரியுமா, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக". அவருக்கும் அது உண்மையா இருக்கணும்னு ஆசை! அந்த இடம் என்னை அப்படியே நிறுத்திடுச்சு, நாங்களும் அன்னைக்கு ஆமென்தான் சொன்னோம். ஆனா கர்த்தர் அந்த மனுஷனை அனுப்பவே இல்லன்னு பின்னாடி தெரியுது, அதே வருஷத்துல அவன் செத்தும் போறான். அடுத்த அதிகாரத்துலதான் நாம கார்டு அடிச்சு, ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டற அந்த 29:11 வருது, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு. அதுக்கு முந்தின வசனத்தை யாரும் மாட்டறதில்ல, அதுல பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பிறகுதான்னு இருக்கு. அதுவரைக்கும் வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட பலனைச் சாப்பிடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைங்கன்னு 5, 6ம் வசனங்கள்ல சொல்லியிருக்கு. மூட்டை கட்டி வச்சுட்டு வாசல்ல உக்காந்திருக்காதீங்க, இருக்கற இடத்துல வாழுங்கன்னு அர்த்தம். காத்திருக்கறதுன்னா எல்லாத்தையும் நிறுத்தி வைக்கறதுன்னு யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியல, நாங்க பெரிய வீட்டுக்கு மாறலாமா, அவ மேல படிக்கலாமான்னு எல்லாத்தையும் "அடுத்த வருஷம் குழந்தை வந்துட்டா"ன்னு தள்ளிக்கிட்டே இருந்தோம்.

எலிசா தீர்க்கதரிசி பிள்ளை இல்லாத சூனேமியாளுக்கு அடுத்த வருஷம் பிள்ளை பிறக்கும்னு ஒரு வருஷக் கணக்கு சொன்னாரேன்னு சிலர் கேப்பாங்க, எங்ககிட்டயும் கேட்டாங்க. அந்தம்மா அதைக் கேட்டதே இல்ல, எலிசா காணிக்கையும் கேக்கல, சொன்னதும் அவங்க வாயில வந்த முதல் பேச்சு "என்கிட்ட பொய் சொல்லாதீங்க"ங்கற மாதிரிதான். ஏமாந்து ஏமாந்து போன மனசு அப்படித்தான் பேசும். பிள்ளைக்காக அழுது ஜெபிச்ச அன்னாள் கதையில ஆசாரியர் ஏலி முதல்ல அவங்களைக் குடிகாரின்னு நினைக்கிறாரு, அப்புறம் விஷயம் தெரிஞ்சதும் நீ கேட்டதை இஸ்ரவேலின் தேவன் உனக்குக் கொடுப்பாராகன்னு சமாதானமா அனுப்பி வைக்கிறாரு. அது ஆசீர்வாதம், அதுல தேதி கிடையாது. ஒரு போதகர் அதுக்கு மேல சொல்லத் தேவையே இல்லன்னு நான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் முடிஞ்ச பிறகு எங்க சபை பாஸ்டரே ஒருநாள் வீட்டுக்கு வந்து, "தம்பி, டாக்டரைப் பாருங்க, மருத்துவரான லூக்காவைப் பவுல் பிரியமானவன்னு சொல்லியிருக்காரு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. போனோம். டாக்டர் என் மனைவியோட ஃபைலைப் புரட்டிப் பார்த்துட்டு, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "உங்க ரிப்போர்ட் எங்க?"ன்னாங்க. என் ரிப்போர்ட்டா? இத்தனை வருஷத்துல ஊழியக்காரங்க, சொந்தக்காரங்க, ஜெபக்குழு, ஒருத்தர்கூட எனக்கு டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னதில்ல. எடுத்தோம், திரும்ப ஒரு தடவையும் எடுத்தாங்க, ஏன்னா விந்து பரிசோதனை ஒரே முடிவை வச்சு சொல்ல மாட்டாங்களாம். குறை என் பக்கம்தான் பெரிசா இருந்துச்சு. விந்தணுவோட எண்ணிக்கையும் கம்மி, ஓட்டமும் கம்மி. அத்தனை வருஷமும் அடைக்கப்பட்ட கர்ப்பம் திறக்கட்டும்னு அவ தலையில கை வச்சு ஜெபிச்சாங்க, எண்ணெய் பூசினாங்க, அவளை உபவாசம் இருக்க வச்சாங்க. வீட்டுக்கு வர்ற வழியில நான் ஒண்ணும் பேசல. அவதான் "நான் இல்லையா அப்போ"ன்னு கேட்டா, ஒரே ஒரு தடவை, அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்தக் கேள்வியில கோபமும் இருந்துச்சு, பெரிய நிம்மதியும் இருந்துச்சு, ரெண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்துச்சு.

அதனால இதைப் படிக்கிற ஆம்பளைங்களுக்கு, வெக்கப்படாம முதல்ல போய் உங்க டெஸ்டை எடுத்துடுங்க. குழந்தை தங்காத தம்பதிகள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்குன்னு டாக்டர்கள் சொல்றாங்க, அதுவும் பொம்பளைங்களுக்குப் பண்ற டெஸ்டை எல்லாம் பார்த்தா இது ரொம்ப சுலபமான டெஸ்ட், வலி இல்ல, ஊசி இல்ல. ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா பார்க்கணும், மனைவிக்கு 35 தாண்டியிருந்தா 6 மாசத்துலயே பார்த்துடணும், ஏன்னா அதுக்கு மேல கருமுட்டையோட எண்ணிக்கையும் தரமும் வேகமா குறையும். சிகரெட், உடல் எடை, விரைப்பைக்குச் சூடு படறது இதையெல்லாம் சரி பண்ணச் சொன்னாங்கன்னா உடனே மறுமாசம் ரிசல்ட் எதிர்பார்க்காதீங்க, விந்தணு உருவாகி வரவே ரெண்டரை மூணு மாசம் ஆகுது. இந்தப் பொறுமையையும் கர்த்தர்தான் உடம்புக்குள்ள வச்சிருக்காரு போல.

வேதத்துல ஈசாக்கு பத்தி ஒரு வசனம் உண்டு, ஆதியாகமம் 25:21. ரெபெக்காளுக்குக் குழந்தை இல்ல, ஈசாக்கு தன் மனைவிக்காக வேண்டினான், கர்த்தர் கேட்டாரு, அவ கர்ப்பமானா. ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிடலாம். முந்தின வசனத்துல கல்யாணத்தப்போ அவனுக்கு 40 வயசுன்னு இருக்கு, 26ம் வசனத்துல பிள்ளைங்க பிறந்தப்போ 60. நடுவுல இருக்கற 20 வருஷம் ஒரு வரியில அடங்கிடுச்சு. அதுவும் ஜெபிச்சது புருஷன். இதை வச்சு ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்ல, குழந்தை இல்லாதவங்களுக்குன்னா உடனே அன்னாளைத்தான் எடுப்பாங்க. என் ரிப்போர்ட் தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி அவளுக்கு நான் தலையில கை வச்சு ஜெபம் பண்ணேன், அவ எனக்குப் பண்ணா. அதுதான் இந்தக் கதையிலேயே முதல் தடவை என் பேரைச் சொல்லி யாரோ பண்ண ஜெபம்.

ட்ரீட்மென்ட் பத்தி விரிவா எழுத மனசு வரல. ஐவிஎஃப், அதாவது கருவை லேப்ல உருவாக்கிக் கர்ப்பப்பையில வைக்கிற சிகிச்சை வரைக்கும் போனோம், சேமிப்பு கரைஞ்சது, ஊசி எல்லாம் அவளுக்குத்தான். கரு வச்ச பிறகு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற அந்த ரெண்டு வாரம் இருக்கே, அதுல ஒவ்வொரு சின்ன வலியையும் நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியான்னு தேடித் தேடிப் படிச்சே அரை உயிர் போயிடும். நிக்கல. மறுபடியும் நிக்கல. அப்போ நான் தேவன்மேல கோபப்பட்டேன்னு சொல்றது சும்மா நாகரிகத்துக்கு, உண்மையில பேச்சையே நிறுத்திட்டேன். சபையில பிள்ளை பிரதிஷ்டை, அதாவது பிறந்த குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கற ஜெபம் நடக்கற ஞாயித்துக்கிழமை எழுந்து வெளிய போய் காருக்குள்ள உக்காந்திருப்பேன். எங்க கூட கல்யாணம் ஆன நண்பன் ரெண்டாவது குழந்தைன்னு போன் பண்ணான், வாழ்த்து சொல்லிட்டு வச்சதும் வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு, அவ்ளோ பொறாமை.

அந்த சமயத்துல எனக்கு உதவினது சங்கீதம் 13. ரெண்டே வசனத்துல நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்கறாரு தாவீது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு நேருக்கு நேரா. இதை எழுதினவரை விசுவாசம் குறைஞ்சவர்னு யாரும் சொல்றதில்ல, நாம கேட்டா மட்டும் சொல்லுவாங்க. நீளமா ஜெபிக்க வராத நாள்ல அந்த ஒத்தை வார்த்தையை மட்டும் சொல்லிட்டுப் படுத்துடுவேன். ஜெபம் வரலைன்னு கஷ்டப்படறவங்களுக்கு நான் சொல்ற ஒரே வழி இதுதான், நல்ல வார்த்தை தேடாதீங்க, இருக்கற வார்த்தையைச் சொல்லுங்க, திட்டா இருந்தாலும் அவர்கிட்டயே சொல்லுங்க.

இன்னொண்ணு, புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வேகத்துல காத்திருக்க மாட்டாங்க. அவ அழுது முடிச்சு எழுந்த நாள்ல நான் விழுவேன். அவளுக்குப் பேசணும், எனக்கு மௌனமா இருக்கணும். இதனாலயே பெரிய பெரிய சண்டை. அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், இந்த விஷயத்தைப் பேசறதுக்குன்னு வாரத்துல ஒரு சாயங்காலம், மத்த நாள்ல அது பேச்சுல வரக்கூடாது. சிரிப்பா இருக்கும் கேக்க, ஆனா வீடு திரும்ப வீடு மாதிரி ஆச்சு. அதே மாதிரி ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எதுவரைக்கும் போறோம், எவ்வளவு பணம் வரைக்கும், எந்த வயசு வரைக்கும்னு ரெண்டு பேரும் தெளிவான மனசோட பேசி எழுதி வச்சுக்கோங்க, கடன் வாங்கறதில்லன்னும் எழுதுங்க. தோத்துப் போன அன்னைக்கு எடுக்கற முடிவு எப்பவும் "இன்னும் ஒரே ஒரு தடவை"யாத்தான் இருக்கும். நாங்க எழுதி வச்ச எல்லை வந்தப்போ நிறுத்தினோம். அவ நிறுத்தலாம்னு சொன்னப்போ எனக்கு அது தோல்வியாப் படல, யாரோ கதவைத் திறந்து காத்து விட்ட மாதிரி இருந்துச்சு.

அப்போ தேவனோட நேரம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு கேட்டா, இருக்குன்னுதான் இன்னும் நம்பறேன், ஆனா முன்னாடி நம்பின மாதிரி இல்ல. அப்போ அது நான் கேட்டது கைக்கு வர்ற நாள்னு நினைச்சேன். எபிரெயர் 11-ல விசுவாச வீரர்களோட பட்டியலைப் படிச்சா, இவங்க எல்லாம் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரிச்சாங்கன்னு பச்சையா எழுதியிருக்கு. யோவான் ஸ்நானகனோட அப்பா அம்மா சகரியாவும் எலிசபெத்தும் நீதியுள்ளவங்க, குற்றமற்றவங்கன்னு லூக்கா 1:6 சொல்லிட்டு, அடுத்த வசனத்துலயே பிள்ளை இல்லன்னு சொல்லுது. கடைசியில அவங்களுக்குப் பிள்ளை கிடைச்சுது, சரிதான், ஆனா அந்த "நீதியுள்ளவங்க"ங்கற சர்டிஃபிகேட் பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. குடும்ப சாபம்னு எங்ககிட்ட சொன்னவங்களுக்கு இதைக் காட்டணும்னு தோணும். மார்த்தாள், மரியாளோட சகோதரன் லாசரு கதையில, அவன் வியாதியா இருக்கான்னு செய்தி கேட்டும் இயேசு 2 நாள் இருந்த இடத்துலயே தங்கிட்டாரு, வந்தப்போ லாசருவை அடக்கம் பண்ணி 4 நாள். நீர் இங்கே இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்னு மார்த்தாளும் சொல்றா, மரியாளும் அதே வார்த்தையைச் சொல்றா. ஏன் லேட்டுன்னு அவர் மரியாளுக்கு விளக்கம் சொல்லல. இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. எனக்கு விளக்கம் இன்னும் கிடைக்கல. அழுதவர்கிட்ட போறதுக்கு விளக்கம் தேவைப்படலைங்கறது மட்டும் எப்படியோ புரிஞ்சிடுச்சு, அதை இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

சபையில பொறுப்புல இருக்கறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். யாரையும் பேர் சொல்லியோ நிலைமையைச் சொல்லியோ மேடைக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி தனியா ஒரு வார்த்தை கேளுங்க. வெளியில இருந்து வர்றவர் தேதி சொல்லிட்டுப் போனாருன்னா, அந்த தேதி தாண்டின பிறகு அந்தக் குடும்பத்து வீட்டுக்குப் போய்ப் பாருங்க, எங்க பாஸ்டர் அன்னைக்கு வந்ததாலதான் நாங்க இன்னும் சபையில இருக்கோம். கூட இருக்கற நண்பர்களுக்கு, "கர்த்தருடைய வேளை"ன்னு சொல்றதுக்குப் பதிலா "இந்த வாரம் எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருங்க, அவ்ளோதான்.

இப்போ தத்தெடுக்க விண்ணப்பம் போட்டிருக்கோம். வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்க, பேப்பர் எல்லாம் கொடுத்தாச்சு, பட்டியல்ல பேர் இருக்கு, அதாவது மறுபடியும் காத்திருப்புதான், என்ன இதுல நம்பராவது இருக்கு. போன வாரம் ஆராதனை முடிஞ்சதும் பழைய ஜெபக்குழு அண்ணன் ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சிஸ்டர், இந்த வருஷம் முடியறதுக்குள்ள..."ன்னு ஆரம்பிச்சாரு. என் மனைவி சிரிச்சுக்கிட்டே, "அண்ணா, தேதி எல்லாம் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணிச் சொல்லுவாங்க, நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க"ன்னுட்டா.